வால் நறுக்கிய முடிச்சு

ஐப்பசி மழை விடாமல் கொட்டியதில் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. கால் வைத்து மிதிக்கும் குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் பட்டு எப்படி நெய்வது? தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலும் நமுத்துப்போயிருந்தது. மூன்று நாள் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துப்போனோம். நான்காம் நாள் வானம் வெளுத்தது. தேவிகாபுரம் போகும் வழியில் உள்ள ஏரி கோடி போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற கல்கட்டின்மேல் வழிந்து ஓடுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வழிந்தால் போதும், கற்பூரமும் பூவுமாக ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். பதினோரு வயது. யாரோ பிள்ளைகள் லாரி டியூப்பில் உட்கார்ந்து ஏரியில் மிதப்பதை செல்போனில் பார்த்த நாளிலிருந்து அதே பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தாள். என் கணவர் பஞ்சர் கடையில் ஒரு டியூப்பை இரவல் வாங்கி வந்தார். பைக்கில் அவர் முன்னால், மகள் நடுவில், நான் பின்னால் உட்கார்ந்து டியூப்பை மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு போனேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கலங்கல் பக்கம் ஒரே கூட்டம். அதனால் ஏரிக்கரைமேலேயே கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினோம். தண்ணீர் செம்மண் கலங்கி, கரையின் விளிம்பு வரை நின்றது. நடுவில் கருவேல மரங்கள் மூழ்கி, உச்சிக் கிளைகள் மட்டும் வெளியே தெரிந்தன. கலங்கலில் தண்ணீர் விழும் சத்தம் அங்கேயும் கேட்டது. கேட்டது என்பதைவிட, காலுக்குக் கீழே கரை அதிர்ந்தது என்று சொல்ல வேண்டும். வளையில் வெள்ளம் புகுந்ததால் வெளியே வந்த பாம்பு ஒன்று எங்களைக் கண்டும் நகராமல் கல்மேல் கிடந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். "அது தூங்குது, நீ வா" என்றேன்.

கரையில் ஒரு பெண் வாத்துக் கூட்டத்தை மடக்கி வைத்துக்கொண்டு நீண்ட மூங்கில் கழியோடு நின்றிருந்தாள். எங்கள் டியூப்பைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"இன்னாம்மா, கொயந்தயத் தண்ணில உடப் போறீங்களா? இய்க்குதும்மா தண்ணி. என் வாத்தையே நான் எறக்கல, பாரு."

"கயிறு கட்டித்தான்க்கா உடப்போறோம். உன் வாத்துக்குக் கயிறு கட்ட முடியாது இல்ல?" என்றேன். எனக்கு வாய் நீளம். அவள் வாத்துகளிடம் திரும்பிப் போய்விட்டாள்.

எங்களிடம் இரண்டு நைலான் கயிறுகள் இருந்தன. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. இரண்டையும் சேர்த்தால்தான் நீளம் போதும். என் கணவர் சுற்றிச் சுற்றி முடிந்து ஒரு கொழுக்கட்டை அளவுக்கு முடிச்சுப் போட்டார். இரண்டு பக்கமும் ஒரு சாண் வால் தொங்கியது.

"இன்னாங்க இது? தறிக்காரர் போட்ட முடிச்சா இது? யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது, உடு."

நான் விடவில்லை. அவிழ்த்தேன். எங்கள் தெருவில் என் முடிச்சுக்குப் பேர் உண்டு. தறியில் இழை அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் சேர்த்துவிடுவேன். எந்த இடத்தில் சேர்த்தேன் என்று சேலையைத் தடவினாலும் தெரியாது. முடிச்சுப் போட்ட கையோடு இரண்டு வாலையும் ஒட்ட நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இழைகள் நுழைந்து வரும் சீப்பு மாதிரியான அச்சில் வால் மாட்டி, பக்கத்து இழையையும் அறுத்துவிடும். இருபது வருடமாக என் விரல்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதே தறி முடிச்சைப் போட்டு, வெள்ளரிக்காய் நறுக்கக் கொண்டுபோன கத்தியால் நைலான் கயிற்றின் வால் இரண்டையும் ஒட்ட நறுக்கினேன். "இப்பப் பாருங்க" என்று அவர் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினேன்.

ஏரியில் அச்சு ஏது? அது எனக்குத் தோன்றவே இல்லை.

கயிற்றின் ஒரு முனையை டியூப்பில் கட்டியதும் மகள் அதில் உட்கார்ந்தாள். அவர் கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நான் செல்போனில் படம் எடுத்தேன். அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். முடிச்சு தண்ணீருக்குள் போனது. கயிறு ஒரு முறை விறைத்தது. பிறகு அவர் கையில் லேசாகிவிட்டது.

அவர் வேகமாக இழுத்தார். கயிறு மட்டும் வந்தது.

நாங்கள் இன்னும் விடுகிறோம் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே போனாள். அப்புறம் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. கரையோடு ஓடினோம், சேற்றில் விழுந்து எழுந்து ஓடினோம். டியூப் முதலில் நிதானமாகத்தான் நகர்ந்தது. கலங்கல் பக்கம் திரும்பியதும் வேகம் பிடித்தது. நான் கத்திய கத்தல் கலங்கலின் இரைச்சலில் அங்கே நின்ற கூட்டத்துக்குக் கேட்கவில்லை. அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

மூழ்கிய கருவேலத்தில் டியூப் மோதியது. முள் குத்திக் காற்று இறங்கி டியூப் சுருங்கியது. அவள் இரண்டு கையாலும் முட்கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்து வரை தண்ணீர்.

என்னைத் தாண்டி யாரோ தண்ணீரில் பாய்ந்தார்கள். அந்த வாத்துக்காரப் பெண்தான். கழியை முன்னால் நீட்டியபடி நீந்திப் போனாள். "கெளைய உட்டுட்டு இத்தப் புடி! ஜல்தி!" என்ற குரல் கேட்டது. அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பெற்ற தாய் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரையில் கிடத்தியபோது மகளின் இரண்டு உள்ளங்கையிலும் முட்கள் ஒடிந்து நின்றன. அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"கயிறு அறுந்துடுச்சா?"

அவர் கையில் கயிறு இன்னும் இருந்தது. முனை கத்தியால் வெட்டியபடியே இருந்தது, ஒரு பிசிறு இல்லை; பிடித்து நிற்க வால் இல்லாத முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருந்தது. அறுந்த முனைக்கும் நழுவிய முனைக்கும் உள்ள வித்தியாசம் தறிவீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டாம். மகள் அந்த முனையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, அறுந்துடுச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முள் எடுத்த நர்ஸிடமும் அதையே சொன்னாள். தெருவில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னாள். இல்லை, என் முடிச்சுதான் நழுவியது என்று சொல்ல ஒரு தடவைகூட எனக்கு வாய் வரவில்லை. என் கணவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் கைக்கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். பஸ் ஸ்டாண்ட் எதிரே ரோட்டைக் கடக்க வேண்டும். லாரிகள் வந்துகொண்டிருந்தன. வழக்கம்போல் நான் கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். எனக்குத் தெரியக் கூடாது என்பதுபோல் மெதுவாகப் பின்னால் சுற்றிப் போய், கட்டுப் போட்ட கையை அவள் அப்பாவின் கைக்குள் வைத்துக்கொண்டாள்.