கிணற்றிலிருந்து அடித்த மணி

1961 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, பகல் 12.40. அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவரங்குளத்துக்குத் தெற்கே, அழகுமலை என்பவரின் தோட்டக் கிணற்றில் மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த நாகராசு, வயது 34, மோட்டார் ஓடத் தொடங்கியதில் இறந்தார்.

இதுவரை போலீஸ் காகிதத்தில் இருப்பது. இனி வருவது ஜெகபர் அலி ராவுத்தருக்கு நேர்ந்தது. ஆலங்குடி தபாலாபீஸில் தந்தி குமாஸ்தா. பதினெட்டு வருஷமாக வந்த சேதியை வந்தபடி எழுதிக் கொடுத்தே பழகியவர். கடிகாரத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார். கதை கட்டுகிற ஆள் என்று அவரை எதிரிகூடச் சொன்னதில்லை.

மின்சார விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்கு. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துப் போட்ட கம்பியில்லாத் தந்திப் பெட்டி ஒன்று திருச்சிப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதைப் பிரித்ததில் கெடாத ரிலே இரண்டு தேறின. ரிலே பெரிய சமாசாரம் அல்ல. செப்புக் கம்பிச் சுருள், நடுவே இரும்பு, எதிரே ஒரு தகட்டு நாக்கு. சுருளில் சின்ன மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகி நாக்கை இழுக்கும். ‘கட்’ என்று ஒரு சத்தம். நாக்கு ஒட்டிய இடத்தில் பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கும். அவ்வளவுதான்.

அந்த இரண்டையும் வைத்துத்தான் அழகுமலைக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். வீட்டிலிருந்து கிணறு முந்நூறு கஜம். வீட்டில் ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் விடாமல் அமுக்கினால் கிணற்றடிக் கொட்டகையில் ஒரு ரிலே இழுத்து மோட்டார் ஓடும். இன்னொரு பட்டனை அமுக்கினால் மற்ற ரிலே இழுத்து மோட்டார் நிற்கும்.

அதற்குமுன் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மோட்டாரும் பம்பும் கிணற்றின் பாதி ஆழத்தில், கல்மேடையில் இருக்கும். மோட்டார் போடுகிறவர் மேலே விளிம்பில் நின்று, “உள்ள ஆளா?” என்று மூன்று தடவை கத்துவார். பதில் இல்லையென்றால்தான் போடுவார். வீட்டிலிருந்தே போடுவதென்றால் யார் கத்துவது? அதனால் ஜெகபர் அலி கல்மேடைச் சுவரில் ஒரு பட்டன் வைத்தார். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தடவை அமுக்க வேண்டும். வீட்டில் மணி மூன்று தடவை அடிக்கும். மணிக்கும் ரிலேக்கும் மின்சாரம் வீட்டில் வைத்த கண்ணாடி ஜாடிச் செல்களிலிருந்துதான்.

“மணியடிச்சா மோட்டாரு நிக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக பூரா சோத்துக்கு வந்துருமேண்ணே?” என்று நாகராசு சிரித்தார். சொல்லிக் கொடுத்தபடி அமுக்கிக் காட்டினார். ஆனால் இரண்டு குட்டை, ஒன்று நீளம். மூன்றாவதை மட்டும் விடவே மாட்டார்.

“குட்டையா அமுக்குங்க நாகராசு. செல்லு தீந்துரும்.”

“இருக்கட்டும்ண்ணே. என் உசுரு தீராம இருந்தாச் சரி.”

மணி அடிக்கும்போது மோட்டார் பட்டன் வேலை செய்யாதபடி பூட்டுப் போட்டிருக்கலாம். அதற்கு மூன்றாவது ரிலே வேண்டும். கைவசம் இல்லை. காது இருக்கிற மனிதன் மணியைக் கேட்டுத் தானே நிறுத்திக்கொள்வான் என்று ஜெகபர் அலி விட்டுவிட்டார்.

அழகுமலை போலீஸில் சொன்னது ஒரே வரி. மணி அடிக்கவில்லை, ராவுத்தர் செய்த பெட்டியில் கோளாறு.

நாகராசுவின் மனைவி செங்கமலம் வியாழக்கிழமை ஆலங்குடிக்கு வந்தார். தபாலாபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

“கெணத்துல நின்னு கத்துற வாய அடைச்சுப்புட்டு மணியக் குடுத்தீங்க. அடிச்சுச்சா, அடிக்கலையா? அத மட்டும் சொல்லுங்கண்ணே.”

“பாத்துச் சொல்றேம்மா.”

“அடிக்கலைன்னா ஒங்க பெட்டி கொன்னுச்சு. அடிச்சுச்சுன்னா…” அவர் முடிக்கவில்லை. “திங்கக்கெழம கோர்ட்டுல எல்லைக்கல்லு கேசு. எங்க வீட்டுக்காரருதான் சாட்சி. ராத்திரியோட ராத்திரியா கல்ல நகத்துனத இவருதான் பாத்தவரு. யாரு நகத்துனதுன்னு ஊருக்கே தெரியும்.”



ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 18. தபாலாபீஸ் விடுமுறை. சைக்கிளில் திருவரங்குளம் போய்ச் சேர்ந்தபோது மணி 11.50. அழகுமலை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி மக்களைக் குன்றாண்டார்கோவில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் வேர்த்திருந்தார்.

“வாங்க ராவுத்தரே. இந்தச் சனியனப் புடுங்கிட்டுப் போங்க.”

“புடுங்கத்தான் வந்தேன். மொதல்ல ஒருக்கா சோதிச்சுப் பாத்துக்கிறேன்.”

“எதுக்கு?” அழகுமலை வெடுக்கென்று கேட்டார். “அதான் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சே.”

ஜெகபர் அலி மணியருகே போனார். கம்பிகளைப் பார்த்தார். செல்களைப் பார்த்தார். மணியைத் தனியே தொட்டுப் பார்த்தார். அடித்தது. எல்லாம் நன்றாக இருந்தன. கிணற்றுப் பக்கம் மட்டும்தான் பார்க்க வேண்டும். அங்கே போகுமுன் செல்லிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றினார். கண்ணாடி ஜாடிகள் ஒருபுறம், கம்பி முனைகள் மறுபுறம். நடுவே ஒரு முழ இடைவெளி. மணி 12.31.

முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். செம்பில் வந்தது. தண்ணீரில் எண்ணெய் வாடை. பெல்ட்டுக்குப் போடுகிற மெழுகின் வாடைபோல இருந்தது.

“இது எந்தத் தண்ணி?”

“உள்வீட்டுக் குழாய்த் தண்ணிதான். ஏன்?”

ஒன்றுமில்லை என்றார். 12.38.

மின்விசிறி நின்றது. யாரும் நிறுத்தவில்லை.



12.40.

ட்ரிங்.

ஜெகபர் அலி கழற்றிப் போட்ட கம்பி முனையைப் பார்த்தார். அது எதிலும் பட்டிருக்கவில்லை.

ட்ரிங்.

தந்திக்காரனுக்கு ஆளை முகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. நூறு மைலுக்கு அப்பால் தட்டுகிற விரலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவான். மூன்றாவது வருமுன்பே ஜெகபர் அலிக்கு யார் என்று தெரிந்துவிட்டது. 

ட்ரிங்ங்ங்ங்ங்ங்ங்…

விடவே இல்லை.

அழகுமலை எழுந்தார். கண் சிவந்திருந்தது. மணியைப் பார்த்துக் கத்தினார்.

“அன்னைக்கும் இப்புடித்தான்டா விடாம அமுக்கிக்கிட்டே இருந்தே! நிறுத்துடா!”

மணி நின்றது.

சொன்னது என்ன என்று அழகுமலைக்கே அப்போதுதான் உறைத்தது. ஜெகபர் அலியைப் பார்த்தார்.

“அப்ப… மணி அடிச்சிருக்கு,” என்றார் ஜெகபர் அலி.

“எவனோ உள்ள நின்னு அமுக்குறான் ராவுத்தரே. நாகராசு பொண்டாட்டி அனுப்புன ஆளு. என்னையவே பயமுறுத்துறானுக.” சுவரில் சாத்தியிருந்த அரிவாளை எடுத்தார். “இன்னொருத்தனையும் அந்தத் தண்ணியிலேயே போடுறேன்.”

அவர் ஓடினார். ஜெகபர் அலி பின்னால் ஓடினார். வரப்பில் வெயில் கொதித்தது. ஒரு காக்கைகூட இல்லை.

12.46. கிணற்றடி.

உள்ளே யாரும் இல்லை. மேலிருந்து பார்த்தால் கல்மேடை முழுவதும் தெரியும். மோட்டார், பம்ப், தொங்கிக் கிடக்கும் பெல்ட். ஐந்து நாளாக யாரும் இறங்கவில்லை. படிகளில் தூசி படிந்திருந்தது. அதில் ஒரு காலடியும் இல்லை.

“இறங்காதீங்க,” என்றார் ஜெகபர் அலி.

“போய்யா அங்கிட்டு.”

அழகுமலை இறங்கினார். ஜெகபர் அலி கொட்டகைக்குள் நுழைந்தார். ரிலே இருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். இரண்டும் பேசாமல் இருந்தன.

12.48.

கீழேயிருந்து குரல் வந்தது.

“யாரும் இல்ல ராவுத்தரே… ஆனா…”

“ஆனா?”

“பெல்ட்டு மாட்டியிருக்கு.”

இரண்டு நிமிஷத்துக்கு முன்தான் அது தொங்கிக் கிடந்ததை இருவரும் பார்த்தார்கள்.

“பட்டனு… ஈரமா இருக்கு ராவுத்தரே…”

கட்.

ஜெகபர் அலி குனிந்தார். இடதுபக்க ரிலே. மோட்டாரை ஓட்டுகிற ரிலே. நாக்கு ஒருமுறை இழுத்து விட்டது.

கட்.

இரண்டு குட்டை.

மூன்றாவது நீளமாக இருக்கும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் ஓடும். அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேலே வாங்க. இரண்டே வார்த்தை. கத்தினால் போதும்.

நாக்கின் மேல் விரலை வைத்துத் தடுத்தார். சுருளில் மின்சாரம் இல்லை. ஆனால் நாக்கு அவர் விரலைத் தள்ளியது. மெதுவாக. நிதானமாக. இன்னொரு விரல் எதிரே இருந்து அழுத்துவது போல…

வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

கட்…

ஒட்டிக்கொண்டது.

12.49.

மோட்டார் ஓடியது.

நிறுத்துகிற ரிலேயை அவர் கையால் அமுக்கியபோது ஏழு விநாடி ஆகியிருந்தது. மோட்டார் நின்றது. கீழே தண்ணீரில் ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

குரல் ஏன் வரவில்லை என்று போலீஸில் கேட்டார்கள். பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் உண்மையா என்று அவரால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே செங்கமலத்தின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“மணி அடிச்சிருக்கும்மா. மூணு தடவையும். அழகுமலை வாயால சொன்னத என் காதால கேட்டேன்.”

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தார்.

“அழகுமலை எறங்கயில நீங்க கத்துனீங்களாண்ணே?”

“இல்லம்மா.”

“சரி. போயிட்டு வாங்க.”

ஜெகபர் அலி தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தார். ரிலேயின் தகடு துருப்பிடித்துத் தானாக ஒட்டியிருக்கலாம். பெல்ட் மாட்டியிருந்ததை வெயிலில் கண் சரியாகப் பார்க்கவில்லை. அப்படி நினைத்ததால்தான் அன்று தூங்க முடிந்தது.

மறுநாள் விசாரணையில் லைன்மேன் முனியசாமி வாக்குமூலம் கொடுத்தார். நாகராசுவின் பிணத்தை எடுத்த ஜூன் 13 மாலை ஆறு மணிக்கே, போலீஸார் கேட்டுக்கொண்டபடி, அவர் கம்பத்தில் ஏறிக் கிணற்று மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபியூஸையும் கழற்றிவிட்டார். அழகுமலை அப்போது ஸ்டேஷனில் இருந்ததால் அவருக்குச் சொல்லவில்லை. அந்த மூன்று ஃபியூஸும் அன்றிலிருந்து மின்சார ஆபீஸ் பீரோவில் பூட்டியிருந்தன. சாவி முனியசாமியிடம். அவற்றை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

ஐந்து நாளாக அந்த மோட்டாருக்கு மின்சாரமே இல்லை.

ஜூலை 3-ஆம் தேதி, இரண்டு சாவும் விபத்து என்று எழுதிக் கோப்பை முடித்தார்கள்.