கத்தானியாவுக்கு ஒரு மெல்லிய கோட்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே, குளிராடை விற்கும் கடையொன்றில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கலகெதர பஸ் இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண் கோட் கேட்கிறாள், இத்தாலிக்கு வேலைக்குப் போகிறாளாம். எந்த ஊர் என்று கேட்காமலேயே கடைக்கார நானா தடித்த கறுப்புக் கோட் ஒன்றை எடுத்துப் போடுகிறார்.

"இந்தா தங்கச்சி, மிலானுக்குப் போற நம்மட ஆக்கள் எல்லாரும் இதத்தான் எடுக்கிற."

இந்தப் பக்கத்தில் யாரும் ஊர் பார்த்துப் போவதில்லை. சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் போவார்கள். அவள் கோட்டைத் தள்ளி வைக்கிறாள்.

"மெல்லிசா ஒண்ணு காட்டுங்க. நான் கத்தானியா போறேன். தெற்கால, கடல் பக்கம். அவ்வளவு குளிராது."

"அங்க யாரு இருக்கிற?"

"யாரும் இல்ல. அண்ணன் மிலான்லதான் இருக்காரு."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணன் வீட்டில இறங்கினா லேசுதானே?"

"அண்ணிக்கு லேசு," என்கிறாள் என்னை நேராகப் பார்த்து. "பகல்ல வெளிவேலை, வந்தா அவங்க சமையல், அவங்க பிள்ளைங்க. இங்கயும் அதைத்தானே செய்றேன். அதுக்கு எதுக்கு பிளேன் ஏறணும்?"

நானா சாம்பல் நிறத்தில் மெல்லிய கோட் ஒன்றைக் கொடுக்கிறார். அவள் போட்டுப் பார்க்கும்போது போன் அடிக்கிறது. வீடியோ கோல், திரையில் அண்ணன். கத்தானியா விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

"என்னம்மா இது, இந்தக் கோட் இங்கத்த குளிருக்குத் தாங்காதே?"

"தாங்காதுதான் அண்ணே," என்று சொல்லிவிட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறாள்.