மூடியை இறுக்கிய கான்

தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கானில் பார்லி, சீனி, ஈஸ்ட் போட்டு, களவாக பியர் புளிக்கவைத்தேன். பிடிபட்டால் வழக்கு. மணம் போகாதபடி மூடியை இறுக்கி வேலியோரம் வைத்தேன்.

தண்ணீர் பவுசர் லொறி வந்தது. வேலிக்கு வெளியே சனம் வரிசையில் நின்றது. வெயிலில் கான் பெரிய சத்தத்தோடு வெடித்தது. எல்லாரும் குப்புறப் படுத்துவிட்டோம். தோளில் துவக்கோடு ரோந்து வந்த, நரை விழுந்த நேவிக்காரனும் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான்.

"வாயெல்லாம் மண். என்னப்பா வெடிச்சது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நேவிக்காரன் எழும்பி வந்து நுரையை மணந்தான்.

"ஐயா, மூடி டைட் வேணாம்," என்றான் அரைகுறைத் தமிழில். சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து எங்களுக்குப் படுத்துப் பழக்கம். துவக்கு வைத்திருந்தவன் யாருக்குப் பயந்து படுத்தான்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.