இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தல்

1. ஒரு தொலைபேசி அழைப்பு

எனக்குத் தொலைபேசியில் கதைக்க விருப்பமில்லை. எங்கள் பிரிவில் போன் அடித்தால் பக்கத்து மேசையில் உள்ளவர் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று பக்கத்து மேசையில் ஒருவரும் இல்லை. அது நிற்காமல் அடித்தது. எடுத்தேன்.

பேசியவர் தொண்டைமானாற்றுப் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு மருத்துவிச்சி. கிராமத்துக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். குரலில் அவசரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணை, வலிப்பு வீடியோ எடிட் பண்ணினது ஆர்?"

"நான்தான்."

"அதிலை படுத்திருக்கிற கர்ப்பிணிப் பிள்ளை எந்த நாடு?"

"இஞ்சைதான், உடுவில்."

"உடுவில் பிள்ளைக்கு ஏன் பி.சி.ஜி. தழும்பு வலக்கையிலை கிடக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். பிறந்த குழந்தைக்குக் கசநோய் வராமல் போடும் ஊசி பி.சி.ஜி. இந்த நாட்டில் அதை இடக்கையின் மேற்பக்கத்தில்தான் போடுவார்கள். அந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு வரும். வந்திருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவிச்சியின் வேலை.

"இருபது வரிசமாப் பிள்ளையளின்ரை கையைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறன் அண்ணை. என்ரை கண் முதல் கைக்குத்தான் போகும். உங்கடை ஆள் என்ன, கண்ணாடிக்குள்ளை பிறந்தவவோ?"

என்ன நடந்தது என்று அந்த நேரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் அவரைப் போட்டது நான்தான்.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"ஓம், இருக்கிறன்."

"அந்தப் பிள்ளை இடப்பக்கம் சரிஞ்சு படுக்க வேணும். வீடியோவிலை வலப்பக்கம் படுத்திருக்கிறா. வகுப்பிலை போட்டுக் காட்டுவம் எண்டு இறக்கினனான். நல்ல காலம், முதல் நான் பாத்தன். மற்றாக்கள் பாத்தினமோ, சும்மா போட்டுக் காட்டினமோ, ஆருக்குத் தெரியும்?"

2. நான் வந்த வழி

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரச் சோதனைவரை படித்தவன். இருபத்தைந்து வருடம் வீடியோக் கடையில் வேலை செய்தேன். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, செத்தவீடு எல்லாம் எடுத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊர்ச் செத்தவீட்டு வீடியோ எவ்வளவு முக்கியம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கமராவுக்குப் பின்னால் நிற்பவனோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு இந்தக் காணொளிப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்தேன். தாதியர், மருத்துவிச்சிகள், பயிற்சி மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக இங்கே சிறிய வீடியோக்களும் படங்களும் செய்கிறோம். எல்லாம் இலவசம். யாரும் இணையத்தில் இருந்து இறக்கலாம், கொப்பி பண்ணலாம், வெட்டித் தங்கள் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றலாம், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ குரல் சேர்க்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். இறக்குகிறவர் பெயர் பதியத் தேவையில்லை. வறிய பிள்ளைகளுக்கும் படிப்புக்கும் இடையில் ஒரு கதவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் சிஸ்டரின் கொள்கை.

சிஸ்டர் என்று நான் சொல்வது எங்கள் பிரிவின் தாதியப் போதனாசிரியரை. என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். எங்கள் தமிழ் வீடியோக்கள் எல்லாவற்றிலும் கேட்பது அவருடைய குரல்.

3. நான் செய்தது

கர்ப்பிணித் தாய் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் பாரமான கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். அந்தக் குழாய் சற்று வலப்பக்கமாக ஓடுவதால், இடப்பக்கம் சரித்தால் அழுத்தம் குறையும். வாயில் வரும் நீரும் தொண்டைக்குள் போகாமல் வெளியே வரும். இதைத்தான் நாங்கள் எடுத்தோம்.

நோயாளியாக நடிக்க எங்கள் அலுவலகத்துச் சுகந்தி சம்மதித்தார். கலியாணம் முடித்துப் பல வருடங்களுக்குப் பிறகு வந்த கர்ப்பம். அப்போது ஏழு மாதம். வீட்டில் போடும் கவுன் மாதிரியான, குட்டைக் கை வைத்த நீல நிறச் சோட்டி போட்டுக் கட்டிலில் படுத்தார். பின்னால் வெறும் பச்சைத் திரை. சரித்துக் காட்டிய தாதி மிஸ்ஸி கைக்கடிகாரத்தைக் கழற்றியிருந்தார். அவருடைய பெயர் அட்டையை வழமைபோல நான் மங்கலாக்கிவிடுவேன்.

எடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் எடிட் பண்ண இருந்தபோதுதான் கண்ணில் பட்டது. சுகந்தி கண்ணை மூடி, அசையாமல், திரையின் வலப்பக்கம் தலை வைத்துக் கிடக்கிறார்.

செத்தவீட்டில் உடலைத் தெற்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். நான் எப்போதும் மேற்குப் பக்கத்தில் நின்றுதான் எடுப்பேன். தலை திரையின் வலப்பக்கம் விழும். எத்தனையோ வருடம் அப்படியே எடுத்து எடுத்து, வலப்பக்கம் தலை என்றால் என் கண்ணுக்கு அது செத்தவீடுதான்.

சுகந்தியை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எடிட் பண்ணும் மென்பொருளில் மிரர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பும். கலியாண வீடியோவில் அதை நாங்கள் சும்மா பாவிக்க மாட்டோம். சேலை முந்தானை மற்றத் தோளுக்குப் போய்க் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே முந்தானை இல்லை, கடிகாரம் இல்லை, எழுத்தும் இல்லை. அழுத்தினேன். தலை இடப்பக்கம் வந்தது. சுகந்தி நித்திரை கொள்வதுபோல இருந்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருவரைப் பார்த்துச் செத்தவீடு மாதிரி இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லக் கூடாத சொல் என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

சிஸ்டர் பார்த்தார். அவருடைய குரல் "இடப்பக்கம்" என்று சொல்லும்போது தலை திரையின் இடப்பக்கம் கிடக்கிறது. பொருந்துகிறது. அது பார்க்கிறவரின் இடப்பக்கம், படுத்திருப்பவரின் இடப்பக்கம் அல்ல என்பது அவருக்கும் அந்த நேரம் பிடிபடவில்லை. எத்தனையோ வீடியோ பார்த்துக் களைத்த கண். சரி என்று சொன்னார். ஏற்றினோம்.

4. மாற்றிப் போட்டால் போதுமா

போனை வைத்துவிட்டுச் சிஸ்டரின் அறைக்குப் போனேன். மருத்துவிச்சி சொன்னதைச் சொன்னேன். அவர் வீடியோவை இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தன் இடக்கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதெப்பிடித் தம்பி நடந்தது?"

காரணத்தைச் சொன்னேன். சுகந்திக்கு அதற்குள் சுகப்பிரசவமாகிப் பிள்ளையும் தவழத் தொடங்கியிருந்தது. அதனால் சொல்ல முடிந்தது.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "உதை என்னட்டைச் சொல்லியிருந்தால் கட்டிலைத் திருப்பிப் போட்டு, மற்றப் பக்கம் தெரியத் திரும்ப எடுத்திருப்பமே. அரை மணித்தியால வேலை."

"ஓம் சிஸ்டர்."

"சரி விடுங்கோ. சரியானதை அதே பேரிலை ஏத்திப்போட்டுப் பழசை எடுத்து விடுங்கோ. உங்களுக்கும் ஒண்டும் இல்லை, எனக்கும் ஒண்டும் இல்லை. ஆர் கவனிக்கப் போகினம்?"

என் முகத்தைப் பார்த்து எனக்காகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். வழமையாக நான் ஓம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அன்று கதவடியில் நின்றேன்.

"சிஸ்டர், இறக்கினவையின்ரை போனிலை பழசுதானே கிடக்கும்?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஆர் இறக்கினது எண்டும் எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்," என்றார். தலையில் கை வைத்தார். "பேர் பதிய வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சதும் நான்தான்."

அன்று பின்னேரமே மிரரை நீக்கிப் புதிய வீடியோவை ஏற்றினோம். ஒரு சின்ன அறிவித்தலும் செய்தோம். சிஸ்டர் எழுதித் தந்ததை நானே வாசித்தேன். என் குரலை நான் அதுவரை ஒரு வீடியோவிலும் சேர்த்ததில்லை. "பழைய வீடியோவில் தாய் வலப்பக்கம் படுத்திருப்பதாகத் தெரிகிறது. அது எடிட்டில் வந்த பிழை. அழித்துவிடுங்கள்." ஏழு தரம் பதிந்தேன். எங்களுக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினோம்.

அனுப்பிய பிறகுதான் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். தென்மராட்சிப் பக்கத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றின் ஆசிரியை. அங்கே இன்ரநெற் ஒழுங்காக இல்லை என்று பென்ட்ரைவோடு வந்திருந்தார். நான்தான் கொப்பி பண்ணிக் கொடுத்தேன். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. போன் அடித்தேன், நானாகவே. எடுக்கவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன்.

"நாளைக்கு அவைக்குச் செய்முறைச் சோதனை எல்லோ!" என்றார். "சோதனை முடிஞ்ச கையோடை பிள்ளையளை ஆசுபத்திரி வாட்டுக்கு விட்டுடுவினம்."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

5. பயிற்சி வகுப்பு

நாவற்குழி தாண்டும்வரை, ஆசிரியையைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். போனபோது, மறுநாள் சோதனை என்பதால், பொழுதுபட்டும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது பெண்பிள்ளைகள் அளவில் இருந்தார்கள். நடுவில் ஒரு கட்டிலில் பயிற்சிப் பொம்மை.

ஆசிரியை வாசலுக்கு வந்தார். சொன்னேன். அவர் பதறவில்லை.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. நான் வாயாலை இடப்பக்கம் எண்டுதான் படிப்பிச்சனான். வேணுமெண்டால் இப்பவே பாப்பம்." உள்ளே திரும்பி இரண்டு பேரைக் கூப்பிட்டார். "கர்ப்பிணிக்கு வலிப்பு. என்ன செய்வியள்?"

இருவரும் ஓடி வந்தார்கள். ஒருவர் பொம்மையின் தோளைப் பிடித்தார், மற்றவர் இடுப்பை. நல்ல வேகம். சரியாக வலப்பக்கம் சரித்தார்கள்.

"இடப்பக்கமெண்டெல்லோ சொன்னனான்!"

"இடப்பக்கம்தானே மிஸ்," என்றார் தோளைப் பிடித்திருந்தவர். "வீடியோவிலை இப்பிடித்தான். தலை இஞ்சாலை வரும்." பின்வரிசையில் இரண்டு மூன்று பேர், ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தேன். கழற்றிவிட்டு உள்ளே போனேன். அத்தனை பேர் என்னைப் பார்த்தது என் வாழ்க்கையில் அதுவரை நடக்கவில்லை.

"வீடியோவைப் பிழையாத் திருப்பினது நான்," என்றேன். "பிள்ளையள் பிழை விடேல்லை. நான்தான்."

ஒரு பிள்ளை கேட்டார். "ஏன் அண்ணை திருப்பினீங்கள்?"

சொன்னேன். செத்தவீடு என்ற சொல் வந்தபோது முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியாமல் இன்னொருவர் சிரித்தார்.

"மினக்கெட்டு நல்லது செய்யப் போய் எங்களைப் பெயிலாக்கப் பாத்திருக்கிறியள் அண்ணை!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"பெயில் எண்டால் திரும்பச் சோதனை எடுக்கலாம்," என்றார். "வாட்டிலை ஒரு தாய் கிடந்தால்?"

சிரிப்பு நின்றது.

அவர் பொம்மையின் இடக்கை மணிக்கட்டில் ஒரு துண்டுத் துணியைக் கட்டினார். "இனி ஒருத்தரும் திரையைப் பாக்கிறேல்லை. முதல் நோயாளின்ரை இடக்கையைத் தொட்டுச் சொல்லுங்கோ. பிறகு சரியுங்கோ." ஒவ்வொருவராக வந்தார்கள். இடக்கை என்று சொல்லித் தொட்டார்கள், சரித்தார்கள். தோளைப் பிடித்த பிள்ளை முதல் தரம் மறுபடி வலப்பக்கமே இழுத்தார். கண்ணில் பதிந்தது கையை விட்டு லேசில் போகாது. நாலாம் தரம் சரியாகச் செய்தார். கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இப்போது நாங்கள் படம் எடுக்கும்போது நோயாளியாக இருப்பவரின் இடக்கையில் சிவப்பு நாடா கட்டுகிறோம். சிவப்பு நாடா இடக்கை என்று முதல் காட்சியிலேயே எழுதுகிறோம். மிரர் பொத்தானை நான் தொடுவதில்லை. பென்ட்ரைவில் கொண்டு போகிறவர்களின் பெயரை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். கண்ணுக்கு ஏதாவது உறுத்தினால், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், கேட்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். காசு கொடுத்து வாங்கிய பொருளில் பிழை என்றால் வாங்கியவர் கடை வாசலுக்கு வந்து சண்டை பிடிப்பார். சும்மா கொடுத்ததில் பிழை என்றால் அநேகமாக ஒருவரும் வரமாட்டார்கள். தந்தவர் நல்லவர் என்று நம்பிக் கொண்டு போயிருப்பார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு நாங்கள்தான் போக வேண்டும். அந்த மருத்துவிச்சியைப் போல ஒருவர் கூப்பிட்டால் அது அதிர்ஷ்டம்.

எல்லோரையும் என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை. இந்தக் குறிப்பை நான் எழுதுவதும் அதற்காகத்தான். உங்கள் போனிலோ வகுப்புக் கணினியிலோ அந்த வீடியோ இருக்கலாம். பச்சைத் திரைக்கு முன்னால், நீலச் சோட்டி போட்ட கர்ப்பிணி ஒருவர் படுத்திருப்பார். அவருடைய தலை திரையின் இடப்பக்கம் இருந்தால் அது நான் கெடுத்தது. தயவுசெய்து அழித்துவிட்டுப் புதியதை இறக்குங்கள். அதுவும் இலவசம்தான்.