அம்மாவுக்குக் கிடைத்த உதவித்தொகை

தி. நகரில் இருந்த அந்த அறக்கட்டளை அலுவலகத்தை நினைத்தால் முதலில் சாம்பார் வாசனைதான் வருகிறது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் அம்மா வரவேற்பாளராக இருந்தாள். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக வந்ததால் மதியச் சாப்பாட்டு டப்பா கைப்பையிலேயே இருந்தது. பேருந்து நெரிசலில் கசிந்துவிட்டது. கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு நான் நேர்காணலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் அம்மா கைக்குட்டையால் பையைத் துடைத்துத் துடைத்து, "வாசனை வருதாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளே மூன்று பேர். வரலாறு படிக்க ஆசை என்றேன். தலையாட்டினார்கள், அதில் பெரிய உற்சாகம் இல்லை. நடுவில் இருந்த தலைவி அம்மாவிடம் திரும்பி, "நீங்க என்னம்மா படிச்சீங்க?" என்று கேட்டார்.

"பி.காம். சேர்ந்தேன் மேடம். முதல் வருஷம் முடியறதுக்குள்ள கல்யாணம்."

படிப்பை நடுவில் விட்ட பெண்களுக்கும் தங்களிடம் உதவி உண்டு, யாரும் வந்து கேட்பதில்லை என்றார் அவர். அம்மா சிரித்துவிட்டாள். "பொண்ணுக்குக் கேக்க வந்துட்டு எனக்குக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

மரியாதைக்காக அம்மா அங்கேயே எழுதிக் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து ஃபோன் வந்தது. அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. எனக்கு இல்லை. அந்த வருடம் மாணவிகளுக்கான பணம் முழுவதும் மருத்துவமும் பொறியியலும் படிப்பவர்களுக்கே போய்விட்டதாம்.

குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே அம்மா, "நான் வேணாம்னு சொல்லிடறேன்" என்பது கேட்டது. கூரியர் வண்டி ஓட்டும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வேணான்னா அத்தத் தூக்கி இவளுக்கா குடுக்கப் போறாங்க? தானா வந்தத எதுக்கு எட்டி உதைக்கற?"

அம்மா, "இவளுக்கு ஒரு வழி பண்ணாம நான் காலேஜ் வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள். அவள் சேர்வதற்கும் அதிக நாளில்லை.

அதன்பிறகு அம்மா விசாரிக்காத ஆளில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர், மயிலாப்பூர் மாடவீதியில் காய் பொறுக்குகிறவர், எல்லோரிடமும் கேட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "கேக்கறதுல என்னடி குறைஞ்சு போயிடும்?" என்பாள். மருத்துவமனைக்கு வருகிறவர்களையும் விடவில்லை. அவர்கள் பாவம், தாடையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த பெரியவர் ஒருவர், பஞ்சைக் கடித்தபடியே ஏதோ நீளமாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கூட வந்த அவர் மனைவிதான் மொழிபெயர்த்தார்: "நான் படிச்ச காலேஜ்ல பழைய மாணவிகள் சங்கம் இருக்காம், அவங்க எந்தப் படிப்புக்கும் உதவுவாங்களாம். எனக்கே மறந்துபோச்சு, இவர் ஞாபகம் வெச்சிருக்கார் பாருங்க!"

எனக்கு இடம் கிடைத்திருந்த அடையாறு கல்லூரிதான் அது. அங்கே அப்படி ஒரு சங்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மறுநாளே போனோம். ஏன் வரலாறு என்று கேட்டார்கள். இந்தமுறை கேட்டவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். நானும் மூச்சுவிடாமல் பேசினேன். என் கல்விக் கட்டணத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது வேளச்சேரியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அம்மா, புள்ளியியல் தாளில் ஒருமுறை தவறி மறுமுறை தேறி, பட்டம் வாங்கி, அதே மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறாள். ஆனால் எனக்கு மறக்காதது மாலைக் கல்லூரிக்கு அவள் போன முதல் நாள். துணைக்கு வாசல்வரை நானும் போயிருந்தேன். கஞ்சி போட்ட புடவையில் வந்தவளைப் பேராசிரியை என்று நினைத்து, வாசலில் நின்ற பிள்ளைகள் வரிசையாக, "குட் ஈவ்னிங் மேடம்" என்றார்கள்.

அம்மா தவித்துப்போனாள். "நானும் ஃபர்ஸ்ட் இயர்தாம்பா."

ஒரு கணம் விழித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருத்தி, "அப்ப இன்னாத்துக்கு நிக்கறீங்கக்கா? ஓடியாங்க, ஃபேனுக்குக் கீழ சீட் போயிடும்!" என்றாள்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.