ராக்கெட்டைக் கவிழ்த்த என் ராசி

2008-ம் வருடம். சிதம்பரத்தில் ஒரு கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ். கணவர் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்ததால், மாடியில் இருக்கும் பெரிய டிஷ்களைத் திருப்பி சிக்னல் பிடிக்கிற வேலை எனக்கு. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

நாங்கள் சேனல் எடுத்துக்கொண்டிருந்த செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிய ஒன்றை வெளிநாட்டுத் தனியார் கம்பெனியின் ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவதாக இருந்தார்கள். நிறைய சேனல் வரப்போகிறது என்று எங்கள் முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். புது டிஷ்ஷும் வாங்கி நிறுத்தினார். ராக்கெட் கிளம்பும் நாளில் அந்த டிஷ்ஷுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பூஜை. மாடிக் காற்றில் கற்பூரம் பற்றவே இல்லை. நான்தான் புடவைத் தலைப்பால் மறைத்து ஏற்றினேன்.

பிறகு கீழே வந்து எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்த்தோம். ராக்கெட் ஏறியது, கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிட்டது. ராக்கெட் கடலில் விழுந்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"கற்பூரத்த யாரு ஏத்துனது?" என்றார் முதலாளியின் மனைவி.

எல்லோரும் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூமிக்கு அந்தப் பக்கம் விழுந்த ராக்கெட்டுக்குச் சிதம்பரத்தில் கற்பூரம் ஏற்றிய நான் காரணமா? என் ராசி அவ்வளவு தூரம் பாயும் என்றால் டிஷ் எதற்கு, என்னையே மாடியில் நிறுத்தியிருக்கலாமே! மனதுக்குள் கத்தினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. மகள் முகம் வந்து நின்றது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எனக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடியே லீவு. லைன்மேன் ஒருவர் புது பைக் வாங்கியபோது, நான் பஸ் ஏறிய பிறகுதான் அதைக் கொண்டுவந்து காட்டினாராம்.

மறு வருடம் இன்னொரு செயற்கைக்கோள் தயாரானது. இந்த முறை வேறொரு தனியார் ராக்கெட். முதல் நாள் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் லீவு எடுத்துக்கம்மா. சம்பளம்லாம் புடிக்க மாட்டேன். இனிமே புது டிஷ் வேலய லைன்மேன் பாத்துக்குவான்."

ஒரு நாள் லீவு, அப்புறம் நிரந்தர லீவு. அது புரியாத ஆள் இல்லை நான்.

"நான் வரக்கூடாதுன்னா வேலய வுட்டே நிறுத்திடுங்கண்ணே. இல்லன்னா நாளைக்கு வருவேன், முன்னாடி சேர்லதான் குந்துவேன்" என்றேன்.

வந்தேன். உட்கார்ந்தேன். ராக்கெட் புகையைக் கக்கிக்கொண்டு மேலே போனது. ஒருவேளை என்னால்தான் விழுந்ததோ, இதுவும் விழுந்துவிடுமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அவர்கள் செய்ததிலேயே பெரிய அநியாயம் அதுதான். படித்த என்னையே அதை நம்பவைத்துவிட்டார்கள்.

விழவில்லை. செயற்கைக்கோள் பத்திரமாகப் பிரிந்தது. ஒரே ஆரவாரம். முதலாளி இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் தேவநாதசாமி கிருப. திருவந்திபுரத்துல மொட்ட போடுறதா வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, போன தடவ வுழுந்தது என்னாலன்னா, இப்ப ஏறுனதும் என்னாலதான? நானும் இங்கதான இருக்கேன்?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? இந்தா, ஸ்வீட்ட எடு."

அவ்வளவுதான். தோல்விக்கு என் நெற்றியைத் தேடியவர்களில் ஒருவர்கூட, வெற்றிக்கு என் பக்கம் திரும்பவில்லை. சில வாரம் கழித்து, லைன்மேனுக்குப் பிடிபடாத அந்தச் செயற்கைக்கோளின் சிக்னலைப் பிடித்தது நான்தான். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு என் வரிசைக்கு வரும்போது மட்டும் வேகமாகத் தாண்டிப் போகப் பார்க்கும். நான் கையை நீட்டி நிறுத்தி, எடுத்து வைத்துக்கொண்டுதான் விடுகிறேன், இன்னொரு தடவை என்னை நானே சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக.