ஞாயிற்றுக்கிழமை முடியும் வீடியோ கேம்

என் கணவர் எதையும் வாங்க மாட்டார், செய்வார். செய்து முடிப்பார் என்று நான் சொல்லவில்லை. தொட்டி நிரம்பினால் கூவ வேண்டிய மணி ஒன்று இரண்டு வருடமாகக் கூவாமல் குளியலறையில் தொங்குகிறது. வாசல் மணியை அமுக்கினால் சமையலறை விளக்கு எரிகிறது. எதைக் கேட்டாலும் "ஞாயித்துக்கிழமை முடிச்சிடறேன்" என்பார். என் தம்பி அவருக்கு வைத்த பெயரே ஞாயித்துக்கிழமை.

வெளியே ஆள் அப்படியில்லை. கடைகளிலுள்ள எலக்ட்ரானிக் எடை மிஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கடைத்தெரு முழுக்க அவரைத்தான் கூப்பிடும். எதற்காகத் திறந்த மிஷினானாலும் மூடுவதற்கு முன் புது பேட்டரி போட்டுவிடுவார். "திறந்தது திறந்தாச்சு, பேட்டரிய மாத்தாம மூடக் கூடாது" என்பது அவர் சட்டம். அவர் கை பட்ட மிஷின் பத்து கிராம் தப்பாகக் காட்டியதாக யாரும் சொன்னதில்லை. அந்த ஒழுங்கையெல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டில் டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். பதினொரு மாதம் உயிரைக் கொடுத்து ஆடி, பன்னிரண்டாவது கோட்டையின் வாசலுக்கு வந்து நின்றேன். மறுநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் மிஷின் புகைந்து போயிற்று. அதில் சொருகும் ஆட்டக் கேசட் மட்டும் பிழைத்தது. விட்ட இடத்தை அது தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நாலு வருடத்துக்கு முன் ஒரு தோழி வீட்டு மிஷினில் போட்டுப் பார்த்தேன். என் பெயரும் பதினொரு கோட்டையும் அப்படியே இருந்தன. ஆட உட்காருவதற்குள் அவள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அவள் ஊரை விட்டே போய்விட்டாள். அந்தக் கடைசி வாசலுக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

போன வருடம் அந்த வீடியோ கேமைச் செய்த கம்பெனியே பழைய மிஷினை மறுபடி கொஞ்சமாகத் தயாரித்து விற்றது. கடைக்கு ஒன்று வந்தால் அரை மணி நேரத்தில் காணாமல் போகும். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் போனபோது நிஜமாகவே கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. இவர் அதைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கப் போகுது, ஒரு போர்டு, நாலு ஒயரு. இத நானே செஞ்சு தரேன்."

"எப்பங்க?"

"ஞாயித்துக்கிழமை."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு முப்பது ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கழித்துப் போட்ட எடை மிஷின் ஒன்றின் கூட்டுக்குள்தான் என் வீடியோ கேம் உருவாகிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் டிவியில் ஒன்றும் வராது. முன்பக்கம் மட்டும் பூஜ்யம் பூஜ்யமாகப் பச்சை நிறத்தில் எரியும். "அது பழைய டிஸ்ப்ளே, கண்டுக்காத" என்றார். ஒருநாள் சத்தம் வந்தது. மறுவாரம் கோடு கோடாக ஏதோ வந்தது, சத்தம் போயிற்று. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், டிவிக்குப் பின்னாலிருந்து இவர் என்னை அதையே கேட்பார்.

கடைசியில் தம்பியிடம் சொல்லி அழாத குறை. அவன் எங்கேயோ வரிசையில் நின்று ஒன்றைப் பிடித்து, இவர் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தான். மேசைமேல் கிடந்த கேசட்டை எடுத்துச் சொருகினேன். முதல் தடவையிலேயே படமும் வந்தது, சத்தமும் வந்தது.

பெயர் வர வேண்டிய இடத்தில் மூன்று வரிகள். மூன்றும் காலி. கேசட்டை எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் காலி.

சாயங்காலம் இவர் வந்தார். புது மிஷினைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"கேசட்ட என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நேத்து திறந்து சுத்தம் பண்ணேன். உள்ள குட்டியா ஒரு பேட்டரி, எந்தக் காலத்துதோ. திறந்தது திறந்தாச்சுன்னு..."

பாதியில் நின்றுவிட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்த பேட்டரிதான் நீ விட்ட இடத்தையெல்லாம் பிடிச்சு வெச்சிருந்திருக்கு. எடை மிஷின்ல அப்படிக் கிடையாதும்மா."

நாற்பத்தொரு வயதில் ஒரு கோட்டைக்காக அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை, துக்கம்தான்.

"அன்னிக்கே வாங்கியிருக்கணும்" என்றார். கல்யாணமான பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'வாங்கணும்' என்கிற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அதை வைத்து நான் என்ன செய்ய?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதல் கோட்டையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி அந்த வாசலுக்கு வர எவ்வளவு நாளாகும்?"

"அப்ப பதினோரு மாசம் ஆச்சு."

விரலை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"அப்ப சரி. அதுக்குள்ள நம்மளோடத முடிச்சிடலாம்."